உள்ளூர் ஆள் யாரு? இறம்பொடை ரோட்டிலிருந்து ஒரு வரலாற்றுக் கேள்வி

பேராதனையிலிருந்து வீட்டுக்குப் போகிற நாட்களில் நுவரெலியா பஸ்ஸில்தான் ஏறுவோம். கம்பளை, புஸ்ஸல்லாவை, தவலந்தென்ன என்று வளைந்து வளைந்து ஏறி, இறம்பொடைப் பக்கம் வந்ததும் பஸ் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். 225 மீட்டர்தான். சின்ன வயசில் அதற்குள் போகும்போது கத்திக்கொண்டே போவோம், எதிரொலி கேட்க. ஜப்பானியக் கடனில் கம்பளை - நுவரெலியா வீதியைத் திருத்தியபோது 2008இல் முடிந்த வேலை அது. அதை யார் வெட்டினார்கள், அதில் எங்க ஊர் ஆட்கள் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது புயல். 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது மலையகத்தில் மலையே இறங்கியது. நுவரெலியாவுக்கு வரும் வீதிகள் மண்ணால் மூடப்பட்டன. அதற்குப் பிறகு வேலைகள் தொடங்கின. மண் அள்ளுவது, கான் வெட்டுவது, அணைசுவர் கட்டுவது. எங்க பக்கத்துப் பையன்கள் சிலர் ஒரு வேலைத்தளத்தில் போய் வேலை கேட்டார்கள். "ஆள் எல்லாம் வந்தாச்சு தம்பி" என்று பதில் வந்தது. உண்மைதான், லொறியில் வேறு மாவட்டத்து ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கேட்டுப் போன பையன்களில் இரண்டு பேர் அடுத்த வாரம் கொழும்புக்கு பஸ் ஏறினார்கள், அங்கே மாடிக் கட்டடங்களில் சீமெந்து தூக்க.

அன்றைக்கு எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார்: "அரசாங்கக் காசில நடக்கிற வேலையில உள்ளூர் ஆளுக்குத்தான் முதலிடம்னு சட்டம் போடணும்." எல்லாரும் உடனே ஆமா என்றோம். ஆமா என்று சொன்ன பிறகுதான் படிக்க ஆரம்பித்தோம். படித்தபோது தெரிந்தது, கிட்டத்தட்ட அதே கோரிக்கை இந்த நாட்டில் ஏற்கனவே எழுந்திருக்கிறது, ஒரு முறை அரசாங்க முடிவாகவே ஆகியிருக்கிறது. அந்த முடிவில் வேலை இழந்தது நம்ம ஆட்கள். அந்தக் கதையைச் சொல்லாமல் இன்றைய கோரிக்கையை எழுதுவது சரியில்லை என்று பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆறு நாள் வேலை

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். பிரித்தானியர் மலைநாட்டில் வீதி போடத் தொடங்கியபோது கூலி கொடுத்து ஆள் எடுக்கவில்லை. ராஜகாரிய முறை இருந்தது. கண்டி இராச்சியத்தில் நிலத்துக்குப் பதிலாக மன்னனுக்குச் செய்த சேவையை, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் வீதி வெட்டவும் பாலம் கட்டவும் திருப்பினார்கள். கோல்புரூக் குழுவின் பரிந்துரைப்படி 1832இல் அது ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அரசாங்கம் கூலிக்கு ஆள் தேடியது. பயனியர் படை என்ற வீதிப் படைக்கு தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். 1841இல் வீதி ஆணையாளரான தோமஸ் ஸ்கின்னரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் படையில் கல் உடைத்தவர்களின் பெயர் இல்லை.

1848இல் வீதிக் கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் காசு கட்ட வேண்டும். தோட்டங்களுக்கு வந்த இந்தியக் கூலிகளுக்கு விலக்கு. கருணையால் வந்த விலக்கு என்று நினைக்க வேண்டாம். தோட்டத்து ஆளை ரோட்டுக்கு இழுத்தால் கோப்பிப் பழம் பறிக்க ஆள் குறையும், அவ்வளவுதான். கண்டி விவசாயிக்கோ இது பெரிய அநியாயமாகப் பட்டது. தன் காணியைத் தாண்டி துரைமாரின் கோப்பி மூட்டை போவதற்கு, தானே சும்மா ரோடு போட வேண்டுமா? அந்த வருடம் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. வீதி விசயத்தில் சட்டம் முதன்முதலாக "ஊர் ஆள்", "வந்த ஆள்" என்று இரண்டாகப் பிரித்தது இங்கேதான். அப்போது ஊர் ஆளாக இருப்பது சுமை. தொண்ணூறு வருடம் கழித்து அது சலுகையாக மாறியது. பிரிக்கிற கோடு மட்டும் அப்படியே இருந்தது.

1939

1930களின் நிலைமையைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். உலகப் பொருளாதார மந்தம் தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றையும் அடித்துப் போட்டது. 1934 - 35இல் மலேரியா கொள்ளை நோயாகப் பரவியது. சிங்களக் கிராமங்களில் பசியும் வேலையின்மையும் உண்மையாகவே இருந்தன. இதே காலத்தில் 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டு வந்தது. வாக்கு கேட்டுப் போகிற அரசியல்வாதி வேலை தருவதாகச் சொல்ல வேண்டியிருந்தது. தருவதற்கு அவர் கையில் இருந்தது அரசாங்க வேலை.

பொதுவேலைத் திணைக்களம், ரயில்வே, துறைமுகம் மாதிரி இடங்களில் நாட்கூலிக்கு வேலை செய்தவர்களில் பெரும் தொகையினர் இந்தியத் தமிழர்களும் மலையாளிகளும். தண்டவாளம் போடுகிற கேங், ரோட்டுக்குக் கல் பரப்புகிற கேங், கொழும்பில் குப்பை அள்ளுகிற ஆட்கள். இவர்களை அங்கே வேலைக்கு எடுத்தது அரசாங்கமேதான். பல பத்தாண்டுகளாக, குறைந்த கூலிக்கு, கங்காணி மூலமாக.

அப்போது எழுந்த கோரிக்கை கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கிற வேலை இந்த நாட்டு மக்களுக்கே போக வேண்டும். நாங்கள் குழுவில் ஆமா என்று சொன்ன வாசகத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இந்தியர் வருகையால் இலங்கையர் வேலை இழக்கிறார்களா என்று ஆராய சேர் எட்வர்ட் ஜாக்சனை அரசாங்கம் நியமித்தது. 1938இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அப்படி ஒரு பாதிப்பு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதே அவர் வந்த முடிவு. அறிக்கை அலுமாரிக்குப் போனது. 1939இல் அமைச்சர்கள் சபை ஒரு முடிவு எடுத்தது. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்கிற இலங்கையர் அல்லாதோரில், 1934 மார்ச்சுக்குப் பிறகு சேர்ந்தவர்களை நிறுத்துவது. அதற்கு முன்பே சேர்ந்து நீண்டகாலம் வேலை செய்தவர்கள் தாமாக விலகி இந்தியாவுக்குப் போனால் பணிக்கொடையும் பயணச் செலவும் தருவது. ரயில்வேயும் பொதுவேலைத் திணைக்களமும் அப்போது ஜோன் கொத்தலாவலவின் அமைச்சின் கீழ் இருந்தன. பின்னாளில் பிரதமரானவர், 1954இல் நேருவுடன் நாடற்றவர் பற்றி ஒப்பந்தம் செய்தவர், அவரேதான்.

1939 ஜூலையில் இதே நேரு, இந்தியக் காங்கிரசின் சார்பில் இலங்கைக்கு வந்து அமைச்சர்களோடு பேசினார். முடிவு மாறவில்லை. அவர் வந்திருந்தபோது, ஜூலை 25ஆம் திகதி, இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. இன்றைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தாய் அமைப்பு. ஆகஸ்ட் 1இலிருந்து இந்திய அரசாங்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதைத் தடை செய்தது. நூறு வருடத்துக்கும் மேலாக இராமேஸ்வரம் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த பாதை அத்தோடு அடைபட்டது. தோட்டத்துச் சங்க வரலாறு பேசும்போது நாம் 1939இலிருந்து தொடங்குவோம். அதன் அடியில் இருந்தது ரோட்டு வேலையும் ரயில் வேலையும் பற்றிய ஒரு ஆள்சேர்ப்பு விதி என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இந்த விதியில் எங்களை உறுத்தியது இரண்டு விசயம்.

ஒன்று, நீண்டகாலம் வேலை செய்தவரையும் "போ, காசு தருகிறோம்" என்றது. அப்படியானால் எத்தனை வருடம் இங்கே இருந்தாய் என்பது கேள்வியே இல்லை, எங்கிருந்து வந்தாய் என்பதுதான் கேள்வி.

இரண்டு, இந்த விதி தோட்டத்தைத் தொடவில்லை. அரசாங்க வேலைக்கு மட்டும்தான். அதாவது மலையில் துரையின் கொழுந்தைப் பறிக்கிறவரை நீ தேவைப்படுகிற ஆள். மலையை விட்டு இறங்கி பொது ரோட்டில் மண்வெட்டியைப் பிடித்தால் நீ அந்நியன். உழைப்பு வேண்டும், ஆனா பொதுப் பணத்தில் பங்கு கிடையாது. எங்களுக்குப் பட்ட வரையில், மலையகத்தின் அடுத்த ஐம்பது வருடக் கதை இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த நேரம் நமக்குக் குரலே இல்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. 1931இல் அரசுக் கழகத்தின் முதல் தொழில் அமைச்சராக இருந்தவர் ஹட்டன் உறுப்பினர் பெரி சுந்தரம். 1936இல் ஹட்டனில் நடேசய்யரும் தலவாக்கலையில் வைத்திலிங்கமும் வென்றார்கள். குரல் இருந்தது, எண்ணிக்கை போதவில்லை.

கடதாசி இல்லாத உள்ளூர்

அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரை 525,000 அங்கே, 300,000 இங்கே, மிச்சம் 150,000 பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டன. நாங்கள் சேர்க்க விரும்புவது ஒரு சின்ன விசயம். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு வாக்கு மட்டுமா இல்லாமல் போனது? அரசாங்க வேலையும் இல்லை. 1939இல் திணைக்கள உத்தரவாக இருந்தது 1948க்குப் பிறகு நாட்டின் சட்டமாக ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் எங்க கண்ணெதிரே கொத்மலை அணைக்கட்டு எழுந்தது. துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1979இல் தொடங்கி 1985இல் முடிந்தது. சுவீடன் உதவி, சுவீடனின் ஸ்கன்ஸ்கா கம்பெனி கட்டியது. இறம்பொடையின் அருவித் தண்ணீரும் கடைசியில் அந்த நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. அணை கட்டிய அந்த வருடங்களில் சுற்றியிருந்த லயங்களில் நாடற்றவர்கள் இன்னும் இருந்தார்கள். 1986, 1988 சட்டங்கள் வந்த பிறகுதான் அந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது, 2003இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டது. அணையில் மூழ்கிய கிராமங்களின் சிங்கள மக்களுக்கு நட்ட ஈடாகக் கொடுத்த நிலங்களில் தேயிலைத் தோட்டக் காணிகளும் இருந்தன. அவர்கள் இழந்ததும் பெரிய இழப்பு, அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனா அந்தத் தோட்டங்களில் இருந்த தொழிலாளர்கள் இழந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கணக்கெடுக்க அவர்கள் "உள்ளூர்" பட்டியலில் இருக்க வேண்டுமே.

பிறகு மேல் கொத்மலை. தலவாக்கலையில் அணை, அங்கிருந்து கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் சுரங்கம், நியங்கந்தொரவில் நிலத்தடி மின்நிலையம், 150 மெகாவாட். 2012இல் இயங்கத் தொடங்கியது. ஜப்பானியக் கடன், ஜப்பானின் மயெதா கம்பெனி. செயின்ட் கிளேயர் அருவி வற்றிப்போகும் என்றும், வீடுகள் வெடிக்கும் என்றும், குடியேற்றம் என்ன ஆகும் என்றும் வருடக்கணக்காக விவாதம் நடந்தது. இதிலெல்லாம் நியாயம் இருந்தது. ஆனா எத்தனை பேருக்கு என்ன வேலை, என்ன பயிற்சி, வேலை முடிந்த பிறகு அவர்கள் கையில் என்ன சான்றிதழ் என்ற கேள்வி அந்த அளவுக்குச் சத்தமாகக் கேட்கப்பட்ட ஞாபகம் எங்களில் யாருடைய வீட்டிலும் இல்லை.

சுவீடன் காசு வந்தால் சுவீடன் கம்பெனி, ஜப்பான் காசு வந்தால் ஜப்பான் கம்பெனி. காசுக்கு சொந்த ஊர் இருக்கிறது. கடன் கொடுக்கிறவன் தன் நாட்டுக் கம்பெனிக்கு வேலை தேடிக்கொள்கிறான். கடனைக் கட்டப்போகிற மக்கள் தங்களுக்கு வேலை கேட்பது மட்டும் எப்படிப் பேராசை ஆகும்?

33ஆம் பிரிவு

பெரிய திட்டங்களை விடுவோம். சின்ன வேலைகளைப் பார்ப்போம், மதகு, படிக்கட்டு, லயத்துக்குப் போகிற ஒற்றை ரோடு. 1930களின் கடைசியில் கிராமச் சங்கங்களுக்கான சட்டத்தைத் திருத்தியபோது, இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்கில்லாமல் செய்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு. மலையகத்தில் அரசியல் பேசுகிற எல்லாருக்கும் தெரிந்த இலக்கம் அது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவு செய்ய முடியாமல் அது தடுத்தது. உறுப்பினரை நாம் தெரிவு செய்யலாம், ஆனா அவர் நம்ம வாசலில் ஒரு கான்கூடக் கட்ட முடியாது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

இதன் பலன் இன்னும் நம்மோடு இருக்கிறது. கிராமத்தில் அரசாங்கச் சிறு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம், விவசாயிகள் சங்கம் மாதிரி அமைப்புகள் நேரடியாக எடுத்துச் செய்யும் வழக்கம் உண்டு. கொள்வனவு விதிகளும் அதற்கு இடம் தருகின்றன. வேலையும் அங்கேயே, கூலியும் அங்கேயே. பல தோட்டங்களில் அப்படி வேலை எடுத்துப் பழகிய சங்கமே இல்லை. அனுபவம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் அனுபவம் இல்லை.

மற்ற இடங்களில்

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தோம். அமெரிக்காவின் கதை நமக்கு ரொம்பப் பரிச்சயமாக இருந்தது. 1927இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் பகுதியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி கட்டும் வேலையை அலபாமாவைச் சேர்ந்த ஒருவர் எடுத்தார். தெற்கிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களைக் கூட்டி வந்தார். அந்தத் தொகுதியின் உறுப்பினர் ரொபட் பேக்கன் கொதித்துப்போய்ச் சட்டம் கொண்டு வந்தார். 1931இன் டேவிஸ் - பேக்கன் சட்டம் அது. அரசாங்கக் கட்டட வேலைகளில் அந்தப் பகுதியில் நிலவுகிற கூலியைக் கொடுக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான், கூலியை யாரும் அடித்து இறக்க முடியாது. ஆனா வெள்ளைத் தொழிற்சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில் அது அவர்களை வெளியே தள்ளவும் உதவியது. 1969இல் பிலடெல்பியா திட்டம் என்று ஒன்று வந்து, அரசாங்க நிதியில் கட்டுகிறவர்கள் சிறுபான்மையினரை எடுப்பதற்கு இலக்கு வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டி வந்தது. 2010இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் கட்டட வேலைகளில் நகரவாசிகளுக்குக் கட்டாய வீதம் வைத்தது. அங்கே "உள்ளூர்" என்பதற்கு அர்த்தம் அந்த நகரத்தில் வசிப்பவர், அவ்வளவுதான்.

இந்தியாவில் 2005இல் இயற்றிய நூறு நாள் வேலைச் சட்டம் வேறு வழியில் போனது. கொந்தராத்துக்காரருக்கே இடமில்லை. வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வேலை, அதைத் தாண்டினால் 10 வீதம் கூடுதல் கூலி. குறைகள் நிறைய இருந்தன, ஆனா "உள்ளூர்" என்பதை அது கிலோமீட்டரில் அளந்தது. சாதியிலோ பூர்வீகத்திலோ அளக்கவில்லை.

நம்ம பக்கத்திலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. இந்திய உதவியில் மலையகத்தில் கட்டிய முதல் 4,000 வீடுகள். 7 பேர்ச் காணி, 550 சதுர அடி. பணம் கட்டம் கட்டமாக வீட்டுக்காரரிடமே போகும், அவரே பாஸ் பிடித்து, கல் மண் எடுத்துக் கட்டுவார். செலவு கூடிப்போய்க் கஷ்டப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. இருந்தாலும் பாஸ் யார், கையாள் யார் என்பதை லயத்தில் இருந்தவர்களே முடிவு செய்தார்கள்.

என்ன கேட்கிறோம்

அரசாங்க நிதியில் நடக்கிற கட்டட வேலையில் இத்தனை வீதம் அந்தப் பிரதேசத்து ஆட்கள் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் இலங்கையில் இல்லை. புயலுக்குப் பிறகான மீள்கட்டுமானம் வருடக்கணக்கில் நடக்கும். அதனால் இந்தக் கோரிக்கையை இப்போதே வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1939ஐப் படித்த பிறகு அதை எப்படிக் கேட்கிறோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

"உள்ளூர்" என்பது வசிப்பிடமாக இருக்க வேண்டும். இந்தக் கிராம சேவகர் பிரிவில் இருக்கிறாயா, லயமோ கிராமமோ டவுனோ, அது போதும். இனமோ, தோட்டத்தில் பேர் பதிந்திருக்கிறாயா என்பதோ கேள்வியாக வரக்கூடாது. வீதம் எவ்வளவு என்பது கேள்விப்பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும், வேலை தொடங்கிய பிறகு கெஞ்சிக் கேட்கிற விசயமாக இருக்கக்கூடாது. ஆட்சேர்ப்பு அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். கூலியோடு ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். இருக்க வேண்டும். வேலை செய்தவருக்கு என்.வி.கியூ. சான்றிதழுக்கான வழி இருக்க வேண்டும்.

பயிற்சி இல்லாத ஆட்கள் என்று ஒரு பதில் வரும். இயந்திரம் ஓட்ட, சுரங்கம் வெட்ட தேர்ச்சி வேண்டும், ஒத்துக்கொள்கிறோம். ஆனா சரிவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துக் கான் வெட்டுவது, கல் அடுக்கி மண்ணைப் பிடித்து நிறுத்துவது, இதைத் தோட்டத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள்.

இன்னொன்றை எங்களுக்கே சொல்லிக்கொள்கிறோம். லொறியில் வந்து இறங்கிய அந்த ஆட்களும் கூலிக்காரர்கள்தான். தகரக் கொட்டகையில் படுத்து, குளிரில் நடுங்கி, வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள். அவர்களை விரட்டு என்று எங்களில் யாராவது கோஷம் போட்டால், 1939இல் நம்ம பாட்டன்மாருக்கு எதிராகப் போட்ட கோஷத்தைத்தான் நாம் திருப்பிச் சொல்கிறோம். நாங்கள் கேட்பது இனி வரப்போகிற வேலையில் பங்கு. ஏற்கனவே வேலையில் இருப்பவரின் சோறு எங்களுக்கு வேண்டாம்.

வாசிக்கிற உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க ஊரில் நடக்கிற ரோட்டு வேலைக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை இருந்தால் படம் எடுங்கள். யாருடைய நிதி, எவ்வளவு, யார் கொந்தராத்து என்று பாருங்கள். பலகையில் இல்லாததை 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அதில் இந்தப் பிரதேசத்தில் வசிப்பவர்கள் எத்தனை பேர், நாட்கூலி என்ன? இந்த மூன்று கேள்வி போதும். நாங்கள் இறம்பொடையிலிருந்து தொடங்குகிறோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே எழுதுவோம்.